தர்ஷினி இருக்காளா?

எங்கள் பிளாட்டில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் அத்தனை பேர் போனிலும் ஒரே நம்பர் வெவ்வேறு பெயரில் இருந்தது. என் போனில் ‘தர்ஷினி மிஸ்ஸி’. எதிர்வீட்டுக்காரி போனில் ‘கவின் மிஸ்ஸி’. மேல்மாடி மலாய்க்காரப் பெண்ணின் போனில் ‘மிஸ்ஸி ஹாகிம்’. எல்லாம் ஒரே ஆள்தான், அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைகளுக்கு எடை பார்த்து ஊசி போடுகிற நர்ஸ். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருப்பார். ஆனால் பிள்ளையின் தொடையில் ஊசி இறங்கும்போது எந்தத் தாய் பெயர்ப் பட்டையைப் படிப்பாள்? இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது, அதற்கு அவர் வைத்திருந்த காரணமே வேறு.

நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இல்லாமல் இந்தத் தெருவில் ஒரு சேலைகூட விற்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, கடையில் மூச்சு விட இடமில்லாத கூட்டம், ஒரு அம்மாவுக்குப் பதினெட்டாவது சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. தெரியாத நம்பர். இந்தக் காலத்தில் தெரியாத நம்பர் என்றால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, போலீஸ் பேசுகிறோம் என்று ஆரம்பித்து விடுவார்கள். அன்றைக்கு என் கை தவறிப் பட்டுவிட்டது.

“ஹலோ, தர்ஷினி இருக்காளா?”

“யாரு நீங்க?”

“தர்ஷினிகிட்ட பேசணும்மா.”

தர்ஷினி அப்போது ஐந்து மாதக் குழந்தை. குப்புற விழுந்தால் திரும்பத் தெரியாது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே கொட்டித் தீர்த்தேன். “பிள்ள பேரு வரைக்கும் தெரிஞ்சு வெச்சிக்கிட்டு ஏமாத்தப் பாக்கறீங்களா? நான் கடையில உக்காந்து நாலு பேருக்கு பதில் சொல்ற பொம்பள. என்கிட்ட இந்த வேலையெல்லாம் வெச்சிக்காதீங்க. நேரா போலீஸ்லதான் போய் நிப்பேன்.” இன்னும் சில சொன்னேன், அச்சில் ஏற்ற முடியாது.

நான் மூச்சு வாங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “முடிஞ்சிருச்சா? சரி. நான் கிளினிக் மிஸ்ஸி. திங்கக்கிழம தர்ஷினிக்கு செக்கப். போன அவ காதுகிட்ட வைங்க, நான் சொல்லிக்கிறேன்.”

“அவ ஆன்டி வீட்ல இருக்கா மிஸ்ஸி. நான் கடையில இருக்கேன்.”

“அப்ப வாய்ஸ் அனுப்பறேன். சாயங்காலம் போட்டுக் காட்டுங்க. காட்டிட்டு, அவ என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லணும்.”

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு ஆன்டி, நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

“தர்ஷினி, நான் மிஸ்ஸி பேசறேன். திங்கக்கிழம காலையில வந்துரு. அம்மாவையும் கூட்டிட்டு வா. வேல இருக்கு, மறந்துட்டேன், மழை வந்திருச்சுன்னு ஏதாச்சும் சொல்வாங்க. நீ விட்டுறாத. சரியா? வரேன்னு சொல்லு.” பிறகு ஓர் இடைவெளி. பதில் வருவதற்குக் காத்திருப்பதுபோல, ஒரு பிள்ளை மூச்சிழுத்து வாய் திறக்கும் நேரம். “ஆங். நல்ல பிள்ள.”

“இந்தம்மாவுக்கு மண்டையில ஏதாச்சும் கோளாறா லா?” என்றார் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், எதற்கும் சட்டென்று சிரிக்க மாட்டார். ஆனால் அவர்தான் அந்த வாய்ஸை மறுபடியும் மறுபடியும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தர்ஷினி போனைப் பிடித்து நக்கினாள். அதையே மிஸ்ஸிக்கு எழுதி அனுப்பினேன். “நக்கினாள்.” உடனே கட்டைவிரல் படம் வந்தது.

திங்கட்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை. அதுதான் அந்த மனுஷியின் வித்தை. எனக்குச் சொல்லியிருந்தால் சரி மிஸ்ஸி என்று சொல்லிவிட்டுக் கடை வேலையில் மறந்திருப்பேன். என் பிள்ளையிடம் சொல்லி, என் பிள்ளையிடம் வாக்கு வாங்கிவிட்டார். அதை நான் எப்படி மீறுவது?

ஆள் குட்டை. முட்டி வலிக்காரர், நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் வருவார். போன் கழுத்தில் கயிற்றில் தொங்கும், கண்ணாடி முழுக்கக் கீறல். எடை பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு சுவர்விசிறி உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் அதன் கீழ் நின்று, ரொட்டித் துண்டை வாயருகே பிடிப்பதுபோல் போனைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். ஒரு பிள்ளைக்குத் தமிழ், அடுத்த பிள்ளைக்கு மலாய். “அடிக் ஹாகிம், எசோக் டாத்தாங் யா. பாவா மாக் செகாலி.” தம்பி ஹாகிம், நாளைக்கு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. சீனப் பிள்ளைகளுக்கு அவருக்குத் தெரிந்த நாலு ஹொக்கியன் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவார். அதைக் கேட்கும் சீனத் தாய்மார்கள் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் அந்த இடைவெளி மட்டும் தப்பாது.

கிளினிக்கிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத்தில் செய்தி போகும். அது இருக்கும்போது இவர் ஏன் தொண்டையைக் காய வைத்துக்கொள்கிறார் என்று நர்ஸ்களுக்கெல்லாம் பெரியவரான சிஸ்டர் ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். “அத அம்மாமார் பாத்துட்டுத் தள்ளி விட்டுருவாங்க சிஸ்டர். இத பிள்ளைங்க திருப்பித் திருப்பிப் போடச் சொல்லும்” என்றார் மிஸ்ஸி. சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் விசிறிக்கடியில் இதே கதைதான்.

இதில் அவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது, அதை வாய்விட்டே சொல்வார். ஊசி இருக்கிறவரை பெண்கள் பயந்துகொண்டாவது வருவார்கள். ஒன்றரை வயசில் பெரிய ஊசியெல்லாம் முடிந்ததும் கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஊசியில்லாமல் சும்மா எதற்குப் போவது, எடை பார்க்கவா, வீட்டில் இல்லாத எடையா என்பார்கள். “அந்த ஊசி இல்லாத நாளுதாம்மா எனக்கு முக்கியம். அன்னிக்குத்தான் பிள்ள அழாது. அழாத பிள்ளயத்தான் நல்லா பாக்க முடியும்” என்பார்.

என் பெயர் அவருக்குத் தெரியாது என்றேனே, அது சும்மா இல்லை. பிள்ளைகளை மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். நான் போய் “மிஸ்ஸி, சௌக்கியமா?” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரோ கடன்காரியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்குச் சுருக்கென்றது. ஏழெட்டு மாதமாகப் பார்க்கிற முகம், சேலை விற்கிற எனக்கு வந்து போகும் பெண்கள் அத்தனை பேர் முகமும் நினைவிருக்கிறது, இவருக்கு என்ன இத்தனை மெத்தனம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே மீன் கடையில் தர்ஷினி இடுப்பில் இருந்தாள். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். “தர்ஷினி, மீன் வாங்க வந்தியா? இவங்க யாரு, உன் அம்மாவா?” என்றார். மீன்காரன் சிரித்துவிட்டான். நானும்தான்.

ஒருமுறை வாய்ஸ் என் வீட்டுக்காரர் போனுக்குப் போனது. மாமாக் டீக்கடையில் மற்ற லோரிக்காரர்களோடு தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தவர் என்ன ஏதென்று பார்க்காமல் சத்தமாகப் போட்டுவிட்டார். “தர்ஷினி, இந்தத் தடவ அப்பாவையும் கூட்டிட்டு வா. அவர் வயித்தையும் ஒரு தடவ எடை போட்டுப் பாத்துரலாம். வரேன்னு சொல்லு.” கடையே கேட்டது. அந்த இடைவெளியில் ஒரு லோரிக்காரர் “வரேன் மிஸ்ஸி” என்று குரல் கொடுத்தாராம். மானம் போயிற்று என்று இவர் வீட்டில் வந்து குதித்தார். ஆனால் அந்தத் தடவை லீவு போட்டுவிட்டு வந்தார். மிஸ்ஸி சொன்னபடியே அவரைப் பெரியவர்கள் எடை பார்க்கும் மேடையில் ஏற்றி நிறுத்தினார். நம்பரைத் தர்ஷினியிடம்தான் சொன்னார், இவரிடம் சொல்லவில்லை.

இப்படியெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்ஸுக்குப் பிறகும் ஒரு கேள்வி வரும். “என்ன சொன்னா?” நான் ஏதாவது எழுதுவேன். சிரித்தாள், போனைப் பிடுங்கினாள், எச்சில் வழிய விட்டாள். மற்ற பெண்களும் இப்படித்தான் எழுதினார்கள். எதற்குக் கேட்கிறார் என்று எங்களில் ஒருத்திகூட யோசித்ததில்லை. பிள்ளைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருந்தோம்.

தர்ஷினிக்கு ஒன்றரை வயசு நெருங்கியது. பேச்சு வரவில்லை. ம்மா என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்ததும் எங்கேயோ போய்விட்டது. நான் கேட்டபோதெல்லாம் ஆளாளுக்கு ஒரு சமாதானம். “என்ன மாதிரிதான். நானே மூணு வயசுக்கு மேலதான் பேசினேனாம்” என்றார் என் வீட்டுக்காரர். கீழ்வீட்டு ஆன்டி, டிவி பார்த்துக்கொண்டு சமத்தாக இருக்கிறாள், இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்றார். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காது பார்த்துச் சரியாக இருக்கிறது என்றுதான் அனுப்பினார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், மிஸ்ஸியின் வாய்ஸை அவள் கேட்கிற அழகை வீடியோ எடுத்து அனுப்பினேன். போன் முகத்துக்கு நேரே இருக்கிறது, மிஸ்ஸி பேசுகிறார், இவள் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். முடியும் நேரத்தில் காற்றில் எங்கள் வாசல் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. எடுத்துக்கொண்டிருந்த என் கையே ஆடிப் படம் கோணலாகிவிட்டது. அதோடு நிறுத்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“தர்ஷினியா மிஸ்ஸி? இதோ குடுக்கறேன்” என்று வழக்கம்போல் போனை அவள் பக்கம் நீட்டினேன்.

“இல்லம்மா. இன்னிக்கு அவ வேணாம். உன்கிட்டதான் பேசணும்.”

அன்றுவரை என்னிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. நீட்டிய போனை என் காதுக்குக் கொண்டுவந்தேன்.

“கதவு சாத்துன சத்தத்துக்கு அவ கண்ணு சிமிட்டல பாத்தியா? பயப்படாத. நான் சொல்றத மட்டும் செய்யி. அவ ஏதாச்சும் வெச்சு விளையாடட்டும். நீ பின்னாடி போயி நில்லு, நெழலு கூட அவ மேல விழக்கூடாது. போனக் கவுத்துப் புடிச்சுக்கிட்டு என் வாய்ஸப் போடு.”

தர்ஷினி மில்க் பவுடர் டின்னில் என் வளையல்களைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று போனைக் கவிழ்த்துப் போட்டேன். தர்ஷினி, நான் மிஸ்ஸி பேசறேன். அவள் ஒரு வளையலை எடுத்தாள். வந்துரு. இன்னொரு வளையலை எடுத்தாள். வரேன்னு சொல்லு. அந்த இடைவெளி வந்தது, போனது. ஆங், நல்ல பிள்ள என்று போன் சொன்னது. என் பிள்ளையின் தலை திரும்பவே இல்லை. அவள் பின்னந்தலை முடியைப் பார்த்துக்கொண்டு நான் வாயைப் பொத்தி அழுதேன். வாயைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது அழும்போதுதான் புரிந்தது.

மறுநாள் கிளினிக்கில் மிஸ்ஸி அவளை என் மடியில் வைத்து, பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார், மணி அடித்தார். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பிறக்கும்போது சரியாக இருக்கிற காதும் பிறகு மந்தமாகலாம், அதனால்தான் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறோம் என்றார். “சீக்கிரம் போங்க. பேச்சு பழகற வயசு இது. இப்ப காதுக்கு சத்தம் போனா பேச்சு வரும்” என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். “ஆஸ்பத்திரிக்குப் போனா காதுல மிஷின மாட்டி விடுவாங்க. பொம்பளப் பிள்ள. ஊரு பூரா செவிட்டுப் பிள்ளன்னு பேரு வெச்சிரும். மூணு வயசு வரைக்கும் பாப்போம்.” நான் கத்தினேன். அவரும் கத்தினார். ரெண்டு பேரும் கத்துகிற சத்தத்தில் நடுவில் அவள் வளையலை டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிக்குப் போன் செய்து அழுதேன். அவர் சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர்மேல்கூட அன்று எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வாய்ஸ் என் வீட்டுக்காரர் போனுக்கு வந்தது, வழக்கம்போல் பிள்ளை பெயருக்கு.

“தர்ஷினி, நான் மிஸ்ஸி பேசறேன். உங்கப்பா லோரி ஓட்டறாரு. ரோட்டுல பிள்ள குறுக்க வந்தா ஹாரன் அடிப்பாரு, பிள்ள ஒதுங்கிக்கும். உனக்கு அந்த ஹாரன் கேக்குதான்னு அப்பாவ ஒரு தடவ பாக்கச் சொல்லு. சொல்லுவியா?”

இடைவெளி. “ஆங். நல்ல பிள்ள.”

என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பார்க்கிங்கின் ஒரு மூலையில் புல் முளைத்த இடத்தில் அவளை இறக்கிவிட்டேன். லோரி மறு மூலையில் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். சுவர்மேல் இருந்த பூனைகள் தெறித்து ஓடின. மேல்மாடி ஜன்னலில் ஹாகிம் வீறிட்டு அழ ஆரம்பித்தான், அவன் அம்மா எட்டிப் பார்த்தாள். மறுபடி அழுத்தினார், இந்தத் தடவை கையை எடுக்கவே இல்லை. தர்ஷினி குனிந்து தொட்டாச்சிணுங்கி இலையைத் தொட்டு, அது மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் நின்றது. ரொம்ப நேரம் அவர் லோரியை விட்டு இறங்கவில்லை. இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“எப்பப் போகணும்?” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரெண்டு காதும் மந்தம், மிஷின் வைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அளவெடுத்து மிஷின் வருவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில்தான் மிஸ்ஸி என்னை மலைக்க வைத்தார். தினம் காலையில், கிளினிக் திறக்கும் முன்பு, தர்ஷினிக்கு ஒரு வாய்ஸ் வரும். செக்கப் ஒன்றும் கிடையாது. “தர்ஷினி, நான் மிஸ்ஸி பேசறேன். இங்க மழை. என்ன சாப்பிட்ட?” பிறகு அந்த இடைவெளி. ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. எழுதக்கூட இல்லை, நேரே கூப்பிட்டுக் கேட்டேன்.

“கேக்காத பிள்ளைக்கு ஏன் மிஸ்ஸி அனுப்பறீங்க? எனக்கு வயிறு எரியுது.”

“நான் பேர் சொல்லிக் கூப்பிடறத நிறுத்துனா நீங்களும் நிறுத்திருவீங்கம்மா” என்றார்.

போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். உண்மை. ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தோளைத் தொட்டோம், கையைப் பிடித்து இழுத்தோம், காலைத் தரையில் தட்டினோம். எத்தனை நாளில் ஒரு பெயர் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. இதை அந்த அம்மா எங்கேயோ விசிறிக்கடியில் நின்றுகொண்டு எப்படித் தெரிந்துகொண்டார்? எத்தனை வீட்டில் இப்படிப் போவதைப் பார்த்திருந்தால் இது தெரியும்? அன்றைக்கே சமையல் கட்டில் நின்றுகொண்டு தர்ஷினி தர்ஷினி என்று தொண்டை வலிக்கக் கூப்பிட்டேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். அப்படியும் கூப்பிட்டேன்.

மிஷின் மாட்டும் நாளில் கொம்யூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் போனோம், என் வீட்டுக்காரரும் வந்தார். பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் இடம். ரெண்டு காதிலும் மாட்டி, மெதுவாகச் சத்தம் ஏற்றி, பழகுவதற்கு நாளாகும், அழுவாள், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். ஒரு கடையில் பாட்டு, அடுத்த கடையில் வேறு பாட்டு, தலைக்கு மேலே மோனோரயில், கோயில் மணி, பஸ் ஹாரன். இத்தனை நாள் மூடிக்கிடந்த காதுக்குள் அத்தனையும் ஒன்றாகப் போனால் பிள்ளை என்ன செய்யும்? அலறினாள். மிஷினைப் பிடுங்கி எறிந்தாள். அவர் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மறுபடி மாட்டினால் மறுபடி பிடுங்கினாள். போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று பார்த்தது. கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடியில், பூக்கடைக்குப் பக்கத்தில், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை, மிஸ்ஸிக்கு வாய்ஸ் அனுப்பினேன். “பிடுங்கிப் பிடுங்கிப் போடறா மிஸ்ஸி. என்னால முடியல.”

பதில் எனக்கு வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு காதில் மிஷினை வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் போனைக் கவிழ்த்து, அவள் பின்னால் வைத்துப் போட்டேன். ஏன் பின்னால் வைத்தேன் என்று தெரியாது, அப்படியே பழக்கமாகிவிட்டது.

“தர்ஷினி.” அவ்வளவுதான் முதலில். அப்புறம் இடைவெளி. “தர்ஷினி. நான் மிஸ்ஸி.”

அழுகை பாதியில் நின்றது. கண்ணில் தண்ணீரும் மூக்கில் சளியுமாக அவள் திரும்பினாள். போனைப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று. பூக்கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, விரலை அவள் காதிலிருந்து எடுக்காமல், “இன்னொரு வாட்டி போடு” என்றார். போட்டேன். எத்தனை வாட்டி என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி, அலைச்சல், அழுகை எல்லாம் உண்டு. அதையெல்லாம் சொன்னால் அது என் கதையாகிவிடும், மிஸ்ஸியின் கதை இல்லை. தர்ஷினிக்கு மூன்று வயசு முடிந்த கையோடு மிஸ்ஸிக்கு மாற்றல் வந்தது, வடக்கே எங்கேயோ. சொல்லிக்கொள்ளக் கிளினிக்குக்குப் போனேன். தர்ஷினி அன்று காய்ச்சலில் கிடந்தாள், தனியாகத்தான் போனேன். என்னைப் பார்த்துவிட்டு, யாரோ வெளியாள் என்று நினைத்து, “நம்பர் எடுத்துட்டு உக்காருங்கம்மா” என்றார். எனக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. தர்ஷினி அம்மா என்றேன். முகம் மலர்ந்தது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அத்தனை பேர் முன்னால் கூச்சமாகப் போயிற்று, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. அதே கடை, அதே கூட்டம். தர்ஷினிக்கு அப்போது நாலரை வயசு, விடுமுறை நாளில் என்னோடு கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். எங்கள் முதலாளி போன் பேசுவதைப் பார்த்துப் பார்த்து அதே தோரணையை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் ஒரு பெண்ணுக்குச் சேலை மடிப்பைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், ரெண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தது, மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போன் அடித்தது. நான் சொல்வதற்குள் அவள் எடுத்து ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். மிஷினோடு அவளுக்கு அப்படித்தான் வசதி.

“ஹலோ, தர்ஷினி இருக்காளா?”

“இருக்கேன் லா. சொல்லுங்க” என்றாள் என் பிள்ளை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, தூரத்தில் குழந்தைகள் அழுவது கேட்டது, யாரோ நம்பர் கூப்பிடுவது கேட்டது, ஒரு விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. எப்போதும் அவர்தான் ஓர் இடைவெளி விட்டுக் காத்திருப்பார். அன்றைக்குத் தர்ஷினி காத்திருந்தாள். “ஹலோ? பேசுங்க லா” என்றாள்.

“அம்மாகிட்ட குடு” என்றது குரல்.

அவர் என்னைக் கேட்டது ஒரே ஒரு தடவைதான், அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். சேலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் போனை வாங்கினேன். “மிஸ்ஸி? என்ன மிஸ்ஸி? ஏதாச்சும் பிரச்சினையா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஒண்ணும் இல்லம்மா. வருஷா வருஷம் செக்கப் போறாளான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நல்லா கேட்டுச்சும்மா எனக்கு. சரி, போன அவகிட்டயே குடு.”

கொடுத்தேன்.